செவலைப் பெட்டைக்கு வெள்ளைக் குட்டி வேண்டும்: எந்த வெள்ளையோடு சேர்ப்பது?

சத்தி லாயம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன லாயம் இருக்கிறது. கல்யாண ஊர்வலம், கோயில் விழா, கட்சி வரவேற்பு என்று குதிரை வாடகைக்கு விடுவதுதான் தொழில். கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் வெள்ளைதான் வேண்டும் என்கிறார்கள். கைவசம் இருக்கும் ஒரே வெள்ளைக்கு வயசாகிவிட்டது, புதிதாக வாங்கலாம் என்றால் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் நம் பெட்டையிலேயே குட்டி எடுக்கலாம் என்று அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

பெட்டை மார்வாரிக் கலப்பு, ஐந்து வயது. முழுச் செவலை. பிடரி, வால், கால் எல்லாம் உடம்போடு ஒத்த நிறம், எங்கும் கறுப்பு மயிர் கிடையாது. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை மட்டும். நல்ல பொறுமை, மேளச் சத்தத்துக்கு அசையாது.

பொலிக்குதிரை மூன்று பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றும் பார்வைக்கு வெள்ளை.

முதலாவது ஈரோட்டுக்காரர் ஒருவருடையது. பன்னிரண்டு வயது. மயிர் வெள்ளை, ஆனால் மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் கருந்தோல். இரண்டாவதை நுக்ரா என்கிறார்கள். தோல் ரோஸ், கண் வெளிர் நீலம். மூன்றாவது கரூர் பக்கம். தோல் ரோஸ்தான், ஆனால் கண் அடர் பழுப்பு. பிறந்ததிலிருந்தே வெள்ளை என்று உரிமையாளர் சொல்கிறார். இரண்டாவதற்குக் கேட்கும் சேர்க்கைக் கட்டணம் மற்றதைப் போல இரண்டு மடங்கு.

எதோடு சேர்த்தால் வெள்ளைக் குட்டி வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆடிச்சந்தை எழுதியது:

தம்பி, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு விடாமல் போகிறவன் நான். யோசிக்காமல் நுக்ராவைப் பிடியுங்கள். ரோஸ் தோலும் நீலக் கண்ணும் இருந்தால் அதுதான் அசல் வெள்ளை. மூக்கு கறுத்த வெள்ளைக்குப் பிறக்கிற குட்டியெல்லாம் செவலையாகவோ கறுப்பாகவோதான் விழும், கண்ணால் பார்த்திருக்கிறேன். தகப்பன் ரத்தம் பலமாக இருந்தால் முதல் ஈற்றிலேயே வெள்ளை வந்துவிடும். இல்லையென்றால் பேரக்குட்டியில் வரும்.


மரபுக்கணக்கு எழுதியது:

ஆடிச்சந்தை அண்ணன் பார்த்தது அத்தனையும் உண்மை. மூக்கு கறுத்த வெள்ளைக்கு நிறக்குட்டிதான் பிறக்கும். ஆனால் அதற்குக் காரணம் வேறு, அதனால் முடிவும் வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் பெட்டை. குதிரை மயிரில் இருப்பது இரண்டே நிறமிகள், கறுப்பும் சிவப்பும். கறுப்பு உண்டாகுமா என்பதை எம்சி1ஆர் என்ற மரபணு தீர்மானிக்கிறது. அதன் ஓங்கு வடிவத்தைப் பெரிய ‘ஈ’ என்றும் ஒடுங்கு வடிவத்தைச் சின்ன ‘ஈ’ என்றும் எழுதுவார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று எல்லாக் குதிரைக்கும் இரண்டு பிரதி இருக்கும். இரண்டுமே சின்ன ‘ஈ’ என்றால் மயிரில் கறுப்பு வராது. அதுதான் செவலை, வெளிநாட்டார் சொல்லும் செஸ்ட்நட். 1996இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஆக, எந்தச் சோதனையும் செய்யாமலே உங்கள் பெட்டை இந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். குட்டிக்கு அது சின்ன ‘ஈ’ மட்டுமே கொடுக்கும்.

இதற்கு அடுத்தது அகூட்டி என்ற மரபணு. கறுப்பு உடம்பெங்கும் பரவலாமா, பிடரி, வால், கால்முனையில் மட்டும் நிற்க வேண்டுமா என்று முடிவு செய்வது அது. உடம்பு சிவந்து பிடரியும் வாலும் காலும் கறுத்திருந்தால் பே, முழுக்கக் கறுத்திருந்தால் கறுப்பு. செவலையில் கறுப்பே இல்லாததால், உங்கள் பெட்டை அகூட்டியில் எதை வைத்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

எந்தக் குதிரையானாலும் அடித்தளம் இந்த மூன்றில் ஒன்றுதான்: செவலை, பே, கறுப்பு. வெள்ளை என்று நாம் சொல்வதெல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் வேறு ஒரு மரபணு செய்கிற வேலை. நீங்கள் பார்த்து வைத்த மூன்று குதிரைகளும் மூன்று வெவ்வேறு மரபணுவால் வெள்ளையாக இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஈரோட்டுக் குதிரை நரைக்குதிரை. கருந்தோலும் வெள்ளை மயிரும் அதற்கு அடையாளம். அது பிறக்கும்போது செவலையாகவோ பேயாகவோ கறுப்பாகவோ இருந்திருக்கும். ஒவ்வொரு முறை மயிர் உதிர்ந்து முளைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்து, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வயதுக்குள் வெளுத்துவிடும். இதைச் செய்வது எஸ்டிஎக்ஸ்17 மரபணுவுக்குள் ஒரு துண்டு இரட்டித்திருப்பது. 2008இல் உப்சாலா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. நரை ஓங்கு பண்பு, ஒரு பிரதி போதும். வியன்னாவில் ஆடிக்காட்டும் லிப்பிசானர் குதிரைகளும் இதே வகைதான். அவற்றின் குட்டிகளும் கருத்துத்தான் பிறக்கின்றன.

இரண்டாவது, இரட்டைக் கிரீம். மூன்றாவது, ஓங்கு வெள்ளையாக இருக்க நிறைய வாய்ப்பு. இந்த இரண்டையும் இரவு எழுதுகிறேன்.


பெங்களூரு ரைடர் எழுதியது:

அடுத்த பகுதி வருவதற்குள் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சின்ன ‘ஈ’ விஷயம் தெரியாததால் எத்தனை சண்டை நடக்கிறது! எங்கள் ரைடிங் கிளப்பில் பே தகப்பனுக்கும் பே தாய்க்கும் செவலைக் குட்டி பிறந்தது. “வேறு குதிரையை விட்டிருக்கிறார்கள்” என்று பெட்டையின் உரிமையாளர் பொலிக்குதிரைக்காரரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பெற்றோர் இரண்டும் ஒரு பெரிய ‘ஈ’, ஒரு சின்ன ‘ஈ’ வைத்திருந்தால் நாலில் ஒரு குட்டி செவலையாக வர வாய்ப்பு உண்டு. தரோபிரட் பந்தயக் குதிரைகளில் இது அன்றாடம் நடப்பது.

இதன் மறுபக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு செவலைக்குப் பே குட்டியோ கறுப்புக் குட்டியோ பிறந்தால், அங்கே சந்தேகப்படலாம். பெற்றோர் சோதனை செய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.


மரபுக்கணக்கு எழுதியது:

ரைடர் சொன்னது சரி. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

இரண்டாவது குதிரை. ரோஸ் தோல், வெளிர் நீலக் கண். கிரீம் மரபணுவை இரண்டு பிரதி வைத்திருக்கும் குதிரை இப்படித்தான் இருக்கும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் இந்த மாற்றத்தை அடையாளம் கண்டார்கள். நுக்ரா என்ற பெயரில் விற்கப்படுகிற எல்லாக் குதிரையும் இதே வகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நேரில் போகும்போது காலை வெயிலில் நிறுத்தி முகத்தை உற்றுப் பாருங்கள். இரட்டைக் கிரீம் குதிரையின் உடம்பு சுத்த வெள்ளை அல்ல, தந்தத்தின் நிறம். நெற்றியில் வெள்ளைக் கோடு இருந்தால், அந்தத் தந்த நிறத்தின் மேல் அது மங்கலாகத் தனியே தெரியும். நரைத்து வெளுத்ததிலும் ஓங்கு வெள்ளையிலும் இப்படி ஒரு எல்லை தெரியாது.

கிரீம் வேலை செய்கிற விதம் தனி. ஒரு பிரதி இருந்தால் பாதி வெளுக்கும், இரண்டு இருந்தால் முழுக்க வெளுக்கும். செவலை மேல் ஒரு பிரதி விழுந்தால் உடம்பு பொன்னிறம், பிடரியும் வாலும் வெள்ளை. இதுதான் பாலமினோ. இரண்டு பிரதி என்றால் கிரெமெல்லோ. பே மேல் ஒன்று என்றால் பக்ஸ்கின், இரண்டு என்றால் பெர்லினோ.

இப்போது உங்கள் கணக்கு. பெட்டையிடம் கிரீம் இல்லை, இருந்தால் அது செவலையாகவே இருக்காது. பொலிக்குதிரை ஒரு பிரதி தரும். ஆகப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரே ஒரு கிரீம். அந்தக் குதிரை கிரெமெல்லோ என்றால் நூற்றுக்கு நூறு பாலமினோ. வெள்ளைக் குட்டி ஒன்றுகூட வராது. தகப்பன் ரத்தம் எவ்வளவு பலமாக இருந்தாலும் வராது. பெர்லினோவாக இருந்தால் பக்ஸ்கினோ, புகைக்கறுப்போகூட விழலாம்.

இரட்டிப்புக் கட்டணம் கட்டியும் முதல் ஈற்றில் நீங்கள் கேட்டது கிடைக்காது. கிடைக்கிற பாலமினோப் பெட்டையை வளர்த்து, வேறு ஒரு பாலமினோவோடு சேர்த்தால் நாலில் ஒன்று கிரெமெல்லோ, நாலில் இரண்டு பாலமினோ, நாலில் ஒன்று மறுபடி செவலை. வேறு ஒரு கிரெமெல்லோவோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி. சினைக்காலம் பதினொரு மாதம். பெட்டைக்கு மூன்று வயசாவது நிறைந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். இன்று தொடங்கினாலும் முதல் கிரெமெல்லோக் குட்டி தரையில் விழ ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும்.

மூன்றாவது குதிரை. ரோஸ் தோல், அடர் கண், பிறப்பிலேயே வெள்ளை. இது நிறத்தை வெளுக்கச் செய்யும் மரபணு அல்ல. நிறமி செல்கள் தோலுக்குப் போய்ச் சேரவே விடாத மாற்றம், கிட் என்ற மரபணுவில் வருவது. இதில் முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. முழு வெள்ளை தருகிற வடிவம் என்றால் ஒரு பிரதியே போதும். உங்கள் செவலையோடு சேர்த்தால் இரண்டில் ஒரு வாய்ப்பு, பிறந்த அன்றே வெள்ளைக் குட்டி. மற்ற பாதியில் அந்தக் குதிரையின் வெள்ளைக்கு அடியில் ஒளிந்திருக்கும் அடித்தளத்தைப் பொறுத்துச் செவலையோ, பேயோ, கறுப்போ வரும். சில குட்டிகளுக்கு முதுகிலும் காதோரத்திலும் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கும், வயது ஏற ஏற அது மறைவதும் உண்டு.

பேரக்குட்டியில் வரும் என்று அண்ணன் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. செவலை அப்படித் தலைமுறை தாண்டி வரும், அது ஒடுங்கு பண்பு. நரை தாண்டாது. குட்டி நரைக்க வேண்டுமானால் பெற்றோரில் ஒன்றாவது நரைக்குதிரையாக இருந்தே ஆக வேண்டும். நரைக்குதிரைக்கு நரைக்காத குட்டி பிறந்துவிட்டால், அந்தக் குட்டியின் வழியில் நரை அத்தோடு முடிந்தது.


ஆடிச்சந்தை எழுதியது:

பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி தம்பி. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் சித்தப்பா வைத்திருந்தது நல்ல கறுப்புப் பெட்டை. சேர்த்தது செவலைக் குதிரை. பிறந்தது பொன்னிறக் குட்டி, வெள்ளைப் பிடரி. ஊரே வந்து பார்த்தது. கறுப்புக்கும் செவலைக்கும் உங்கள் பாலமினோ எப்படி வந்தது? கணக்கு இடிக்கிறதே.


மரபுக்கணக்கு எழுதியது:

இடிக்கவில்லை அண்ணா, அருமையான உதாரணம். கிரீம் ஒரு பிரதி மட்டும் இருக்கும்போது சிவப்பைத்தான் நன்றாக வெளுக்கும், கறுப்பை அதிகம் தொடாது. அதனால் கறுப்புக் குதிரை ஒரு கிரீம் வைத்திருந்தால் பார்வைக்குக் கறுப்பாகவே நிற்கும். வெயிலில் கொஞ்சம் பழுப்படிக்கும், அவ்வளவுதான். புகைக்கறுப்பு என்று மேலே சொன்னது இதைத்தான். உங்கள் சித்தப்பா வீட்டுப் பெட்டை அந்த வகையாக இருந்திருக்கும். அதனிடம் ஒரு சின்ன ‘ஈ’யும் இருந்திருக்கிறது. அதிலிருந்து சின்ன ‘ஈ’யும் கிரீமும் சேர்ந்து வந்து, செவலைத் தகப்பனிடமிருந்து இன்னொரு சின்ன ‘ஈ’ வந்தால் பாலமினோ. கிரீம் தலைமுறை தலைமுறையாகக் கறுப்புக்குள் ஒளிந்தே வர முடியும்.

நரையும் இதேபோல் எல்லாவற்றையும் மறைக்கும். ஈரோட்டுக் குதிரைக்குள் என்ன அடித்தளம், கிரீம் உண்டா இல்லையா என்று பன்னிரண்டு வயதில் பார்த்துச் சொல்ல முடியாது. பிறந்தபோது என்ன நிறம் என்று கேளுங்கள். குட்டிக்காலப் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.


பிடரி எழுதியது:

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் ஒரு காத்தியாவாரிப் பெட்டை இருக்கிறது. மஞ்சள் கலந்த மணல் நிறம், பிடரியும் வாலும் கறுப்பு. பக்ஸ்கின் என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்படியென்றால் கிரீம் ஒன்று இருக்கிறது, கிரெமெல்லோவோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி வெள்ளை வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?


மரபுக்கணக்கு எழுதியது:

முதுகெலும்பு வழியாகப் பிடரியிலிருந்து வால் வரை ஒரு கருங்கோடு ஓடுகிறதா? முன்னங்கால் முட்டிக்கு மேல் வரிக்குதிரைக்கு இருப்பது போல் மெல்லிய பட்டைகள் உண்டா? குட்டையான கோடைக்கால மயிரில் நன்றாகத் தெரியும். மழைக்கு நனைந்திருக்கும்போதும் பாருங்கள்.


பிடரி எழுதியது:

முதுகில் கோடு ஓரம் தெளிவாக இருக்கிறது. வால் மயிருக்குள்ளும் இறங்குகிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், காலில் பட்டைகளும் இருக்கின்றன, நான்கைந்து. தோள்பட்டைக்கு மேல் குறுக்காக ஒரு நிழல் மாதிரியும் இருக்கிறது.


மரபுக்கணக்கு எழுதியது:

அப்படியென்றால் அது டன் என்ற நிறம். காத்தியாவாரியில் சாதாரணமாகக் காணப்படுவது. கிரீமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, டிபிஎக்ஸ்3 என்ற வேறு மரபணு. 2016இல் வெளியான ஆய்வு இதை அழகாக விளக்கியது. டன் குதிரையின் உடம்பு மயிரைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமி ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்திருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அதனால்தான் உடம்பு வெளிறித் தெரிகிறது. முதுகுக் கோட்டில் உள்ள மயிரில் நிறமி சுற்றிலும் நிறைந்திருக்கும்.

உங்கள் பெட்டையைக் கிரெமெல்லோவோடு சேர்த்தால் குட்டிக்கு ஒரு கிரீம்தான், வெள்ளை வராது. டன்னும் பக்ஸ்கினும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பதால் விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம். டன், கிரீம் இரண்டும் சேர்ந்தே இருக்கிற குதிரைகளும் உண்டு. அதனால் கிரீம் சோதனை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள்.


கரூர் வெட் எழுதியது:

கால்நடை மருத்துவராக என் பங்குக்கு. நிறக் கணக்கு நன்றாகப் போகிறது, ஆனால் நிறத்தோடு கூட வருகிற உடல் விஷயங்களை யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

நரைக்குதிரை: மெலனோமா, அதாவது நிறமி செல்களில் வருகிற கட்டி. பதினைந்து வயது தாண்டிய நரைக்குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு இது வருகிறது என்று நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் மெதுவாக வளரும், ஆனால் அலட்சியம் கூடாது. ஈரோட்டுக் குதிரையைப் பார்க்கப் போகும்போது வாலைத் தூக்கி அடிப்பகுதியையும் ஆசனவாயைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் மிளகு அளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரை கடினமான கறுப்பு உருண்டைகள் தட்டுப்படும். உதட்டோரம், காதுக்குக் கீழே தாடையோரமும் பாருங்கள். 2024இல் வந்த ஆய்வு நரையிலேயே இரண்டு வகை இருப்பதைக் காட்டியது. அந்த மரபணுத் துண்டு ஒரே இடத்தில் மூன்று முறை அடுக்கி இருந்தால் வேகமாக வெளுக்கும், கட்டி அபாயமும் அதிகம். இரண்டு முறை மட்டும் என்றால் மெதுவாக நரைக்கும், கட்டி அபாயம் மிகக் குறைவு. ஆக, சீக்கிரம் வெளுக்கிற குதிரையைத் தேடிப் பிடிப்பவர்கள் கட்டியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரோஸ் தோல்: இரண்டாவதாக இருந்தாலும் மூன்றாவதாக இருந்தாலும் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு மூக்கும் கண்ணிமையும் வெந்துபோகும். நிறமி இல்லாத இமையில் புற்றுநோய் வருவதும் கூடுதல். நிழலான லாயம், நடுப்பகலில் வேலை வாங்காமல் இருப்பது, மூக்கில் துத்தநாக ஆக்சைடு பூசுவது எல்லாம் வேண்டியிருக்கும். நீலக் கண் என்பதால் பார்வை குறையும் என்று பயப்பட வேண்டாம், கிரெமெல்லோ நன்றாகவே பார்க்கும்.

வெள்ளையோடு வெள்ளை: ஓங்கு வெள்ளை இரண்டைச் சேர்க்காதீர்கள். அதன் சில வடிவங்களில் இரண்டு பிரதி பெற்ற கரு பிழைக்காது. பெட்டை சினை நிற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று கொடுமையானது. அமெரிக்க பெயிண்ட் போன்ற இனங்களின் ரத்தம் கலந்த குதிரைகளில் ஃபிரேம் என்ற வெள்ளைத் திட்டு மரபணு இருக்கலாம். ஒரு பிரதி இருந்தால் பக்கவாட்டில் அழகான திட்டு, சில நேரம் வெளியே தெரியவே தெரியாது. இரண்டு பிரதி பெற்ற குட்டி வெள்ளையாகப் பிறக்கும், எழுந்து நிற்கும், பால் குடிக்கும். குடலில் நரம்பு செல்கள் இல்லாததால் சாணம் போக முடியாது. வயிறு உப்பி, வலியில் காலை உதைத்துக்கொண்டு சில நாட்களில் இறந்துபோகும். வைத்தியம் கிடையாது. காரணமான மாற்றம் 1998இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, சோதனையும் இருக்கிறது. வெளிநாட்டு ரத்தம் கலந்த திட்டுக் குதிரை இரண்டைச் சோதிக்காமல் சேர்ப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மகளை அதே தகப்பனோடு சேர்த்து இரட்டைக் கிரீம் எடுக்கிற பழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நிறம் கிடைக்கும், கூடவே மறைந்திருக்கும் எல்லாக் குறையும் இரட்டிக்கும்.


சத்தி லாயம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் சொன்ன வால் விஷயம் யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

நுக்ராவை விட்டுவிட்டோம். முதலாவதா மூன்றாவதா என்பதுதான் பாக்கி. ஈரோட்டுக் குதிரை இரண்டு பிரதி நரையா, ஒன்றா என்று சோதனை இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? உரிமையாளர் சோதனைக்கு ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்.


மரபுக்கணக்கு எழுதியது:

குட்டிகளைப் பாருங்கள். நரைக்காத பெட்டைகளுக்கு அது கொடுத்த குட்டிகள் மட்டும்தான் கணக்கு. அவற்றில் ஒன்று வளர்ந்த பிறகும் நரைக்காமல் நின்றால் போதும், தகப்பனிடம் ஒரே பிரதி என்பது உறுதி. எல்லாக் குட்டியும் நரைக்கிறது என்றால் எண்ணிக்கை வேண்டும். ஒரு பிரதிக் குதிரைக்குத் தொடர்ந்து ஏழு குட்டியும் நரைக்குட்டியாகவே அமைய 128இல் ஒரு வாய்ப்புத்தான். ஏழுக்கு ஏழு என்றால் இரண்டு பிரதி என்று துணிந்து சொல்லலாம்.

சின்னக் குட்டி நரைக்குமா என்று பார்க்க அதன் கண்ணைச் சுற்றிப் பாருங்கள். குட்டி மயிர் உதிரும்போது, இமையோரம் வெள்ளை மயிர் வளையமாக முளைத்திருக்கும். உடம்பு நல்ல செவலையாக இருக்கும்போதே அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பிரதி என்றாலும் உங்கள் தொழிலுக்கு யோசிக்க வேண்டியது காலம். குட்டி நிறத்தோடுதான் பிறக்கும், நாலைந்து வயதில் புள்ளி விழுந்த சாம்பலாக இருக்கும், பிறகுதான் வெளுக்கும். ஊர்வலத்துக்குப் பழக்குவது எப்படியும் மூன்று நான்கு வயதில்தான், அப்போது அது இன்னும் வெள்ளை இல்லை. அந்தச் சாம்பல் பருவமும் பார்க்க அழகுதான், ஆனால் கேட்டு வருகிறவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.


ஆடிச்சந்தை எழுதியது:

நிறம் எதுவானாலும் கால் நேராக நிற்கிறதா, குளம்பு கெட்டியா, பட்டாசுக்கு மிரள்கிறதா என்று பார்த்துத் தகப்பனைத் தேர்ந்தெடுங்கள். மிரள்கிற வெள்ளையில் மாப்பிள்ளையை ஏற்ற முடியாது. கரூர்க் குதிரையை எனக்குத் தெரியும், மேளத்துக்கு நடுவில் கட்டிப்போட்டாலும் தூங்கும்.


சத்தி லாயம் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டு அப்பா உடனே கிளம்பிவிட்டார். கரூர் போய்ப் பார்த்தோம். கண் அடர் பழுப்புதான். கழுத்தை நனைத்துப் பார்த்தோம், தோல் முழுக்க ரோஸ், உடம்பெல்லாம் ஒரே வெள்ளை, நெற்றியில் எல்லைக் கோடு எதுவும் தெரியவில்லை. அந்த ஊரிலேயே அதன் குட்டிகள் சில இருக்கின்றன. தாய்கள் எல்லாம் பே அல்லது செவலை. குட்டிகளில் பாதி பிறப்பிலேயே வெள்ளை, ஒன்றுக்கு மட்டும் இரண்டு காதும் செவலை. உரிமையாளர் சோதனைக்குச் சம்மதித்துவிட்டார். மயிர் எப்படி எடுப்பது?


கரூர் வெட் எழுதியது:

பிடரியிலிருந்து இருபது முப்பது மயிரை, சிலவாகச் சேர்த்து விரலில் சுற்றி வெடுக்கென்று பிடுங்குங்கள். வெட்டக் கூடாது, வேர் இருந்தால்தான் சோதனை. நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இல்லாமல் காகித உறையில் போட்டு, குதிரைக்கு ஒரு உறை என்று தனித்தனியாகப் பெயர் எழுதுங்கள். இரண்டு குதிரைக்கும் நடுவில் கையைக் கழுவுங்கள்.

பெட்டைக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அகூட்டி தெரிந்தால், வெள்ளையாக வராத குட்டி என்னென்ன நிறத்தில் வரலாம் என்பதும் தெரிந்துவிடும்.


மரபுக்கணக்கு எழுதியது:

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். ஆய்வகம் சோதிப்பது இதுவரை பதிவான வெள்ளை வடிவங்களைத்தான். கிட் மரபணுவில் புதிது புதிதாக மாற்றம் தோன்றிக்கொண்டே இருக்கிறது, ஒரே குடும்பத்தில் மட்டும் காணப்படும் வடிவங்களும் உண்டு. ரிப்போர்ட்டில் ஓங்கு வெள்ளை இல்லை என்று வந்தாலும் கலங்க வேண்டாம். கிரீம் இல்லை, நரை இல்லை என்று உறுதியானாலே போதும். பே, செவலைத் தாய்களுக்குப் பாதிக் குட்டி வெள்ளையாகப் பிறந்திருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.


சத்தி லாயம் எழுதியது:

இரண்டு உறையும் இன்று காலை அனுப்பியாயிற்று. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன். அதற்கு அடுத்து வரும் பருவத்தில் கரூர்க் குதிரையோடு சேர்க்கிறோம். கிழக்குப் பக்கம் வெயில் படாத மாதிரி லாயத்தின் கூரையை நீட்டும் வேலையை அப்பா இன்றே ஆரம்பித்துவிட்டார்.